மயிலுக்கு ஒரு முன்கதை உண்டு



இந்த மாதப் பாடம் முருகனைப் பற்றியது என்றதும், "அதெல்லாம் எங்களுக்குத் தெரியுமே அக்கா" என்று சிலர் சொல்வீர்கள். தெரியும்தான். சரவணப் பொய்கை, ஆறு கார்த்திகைப் பெண்கள், மாம்பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு பழநி போனது எல்லாம் சின்ன வயதிலிருந்தே கேட்டு வருகிறோம். அதனால் இந்த முறை முருகனைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, அவர் ஏறி வரும் மயிலைப் பற்றிப் பேசலாம். அந்த மயில் யார்? எங்கிருந்து வந்தது?

நம் கிளையின் ஞாயிறு வகுப்பில் இதைக் கேட்டேன். "மலையில இருக்கிற சாமி, மலையில மயில் இருக்கும், அதான்" என்றான் ஒரு தம்பி. நல்ல பதில்தான். குறிஞ்சி நிலத்துத் தெய்வம் முருகன், குறிஞ்சிப் பறவை மயில். பின்வரிசையில் ஒரு தங்கை மட்டும் தயங்கித் தயங்கி, "அது சூரன்தானே அக்கா?" என்றாள். உடனே இன்னொருவன், "என்னது, வில்லன் மேலயா சாமி உட்கார்ந்திருக்காரு?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தக் கேள்விதான் இந்த மாதப் பாடம். உலகத்தையே நடுங்க வைத்த ஒரு சக்தியை முருகன் ஏன் அழித்துவிடாமல் தன் வாகனமாக வைத்துக்கொண்டார்? அதில் நமக்கு என்ன இருக்கிறது?

கதைக்கு ஆதாரம்

நாம் பின்பற்றப்போவது தமிழில் உள்ள கந்த புராணம். காஞ்சிபுரத்தில் குமரக்கோட்டம் என்ற முருகன் கோயிலில் அர்ச்சகராக இருந்த கச்சியப்ப சிவாச்சாரியார் இதைப் பாடினார். உற்பத்தி காண்டம், அசுர காண்டம், மகேந்திர காண்டம், யுத்த காண்டம், தேவ காண்டம், தட்ச காண்டம் என்று 6 காண்டங்கள். பாடல்கள் 10,000-த்துக்கும் மேல். சினிமாவிலும் படக்கதையிலும் நாம் பார்த்தது அதில் கைப்பிடி அளவுதான். சூரன் கதையின் கடைசிப் பகுதியை மூலநூலில் இருப்பதுபோல் வரிசையாகப் பார்த்தால், நாம் கவனிக்காமல் விட்ட பல விஷயங்கள் தெரியும்.

மயிலுக்கு முன்னால் ஓர் ஆட்டுக்கிடா

முருகன் சின்னக் குழந்தையாகக் கயிலாயத்தில் விளையாடிக்கொண்டிருந்த காலத்திலேயே ஒரு வாகனக் கதை வருகிறது. கந்த புராணத்தில் அதற்குத் தகரேறு படலம் என்று பெயர். தகர் என்றால் ஆட்டுக்கிடா.

நாரதர் ஒரு வேள்வி செய்கிறார். அந்த வேள்வித் தீயிலிருந்து யாரும் எதிர்பாராத விதமாக ஒரு கிடா எழும்பி வருகிறது. சாதாரணக் கிடா இல்லை. வேள்விச் சாலையில் இருந்தவர்கள் ஓடுகிறார்கள். அது எதிர்ப்பட்டதை எல்லாம் முட்டித் தள்ளிக்கொண்டு உலகமெல்லாம் சுற்றுகிறது. தேவர்களும் முனிவர்களும் கயிலாயத்துக்கு ஓடிவந்து குழந்தை முருகனிடம் முறையிடுகிறார்கள். முருகன் வீரபாகுவை அனுப்புகிறார். வீரபாகு அதைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்துகிறார். முருகன் என்ன செய்தார்? ஏறி உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான்.

வேள்வியில் தோன்றிய கிடா என்பதால், அதைத் திருப்பிக் கொடுத்தால் வேள்வியை முடித்துக்கொள்வோம் என்று கேட்கிறார்கள். அது கொல்லப்பட வேண்டியதல்ல என்று சொல்லி, அவர்கள் செய்த ஒரு வேள்விக்கே நூறு வேள்வியின் பலனைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார் முருகன். கிடா அவரோடேயே இருந்துவிட்டது. முருகன் கோயில் திருவிழாக்களில் ஆட்டுக்கிடா வாகனத்தைப் பார்த்திருந்தால், அதன் கதை இதுதான்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கிடா கெட்டது என்று புராணம் சொல்லவில்லை. அது தானாக விரும்பிப் பிறக்கவும் இல்லை. அதனிடம் பலம் மட்டும் இருந்தது, அந்தப் பலத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அதன்மேல் ஏறி உட்கார ஒருவர் வந்ததும் அதே கிடா, அதே கொம்பு, அதே வேகம், ஆனால் யாருக்கும் ஆபத்தில்லை.

மயிலின் கதை இவ்வளவு லேசானதில்லை. அங்கே சக்தி தெரிந்தே தப்பாகப் பயன்பட்டது.

சூரனுக்குச் சக்தி எப்படி வந்தது

சூரபத்மன், சிங்கமுகன், தாரகன், அவர்களுடைய தங்கை அசமுகி ஆகியோர் காசிப முனிவருக்கும் மாயைக்கும் பிறந்தவர்கள். பிள்ளைகள் வளர்ந்ததும் அப்பா ஓர் உபதேசம் செய்கிறார். அறம், தவம், நல்ல வழியில் நடப்பது என்று விளக்கமாகச் சொல்கிறார். மார்க்கண்டேயர் கதையைக்கூட எடுத்துச் சொல்கிறார். பிறகு அம்மா ஓர் உபதேசம் செய்கிறாள். பலமும் செல்வமும்தான் முக்கியம், அவற்றை அடையும் வழியைப் பாருங்கள் என்கிறாள். இரண்டு உபதேசமும் ஒரே நூலில், அடுத்தடுத்து இருக்கின்றன. பிள்ளைகள் அம்மா சொன்னதை எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் சூரன் சோம்பேறி இல்லை. கடுமையாகச் சிவவேள்வி செய்தான். சிவபெருமான் வரவில்லை என்றதும் தன்னையே தீயில் போட்டுக்கொண்டான். அப்படி ஒரு வைராக்கியம் நம்மில் யாருக்கு இருக்கும்? சிவன் தோன்றி, 1,008 அண்டங்களை 108 யுகங்கள் ஆளும் வரத்தைக் கொடுத்தார். தன் சக்தியைத் தவிர வேறு எதனாலும் அவனை அழிக்க முடியாது என்றும் அருளினார்.

ஆகவே சூரனின் சக்தி திருட்டுச் சக்தி இல்லை. உழைத்துப் பெற்றது, சிவனே கொடுத்தது. தாயிடமிருந்து மாயமும் கற்றான். நினைத்த உருவம் எடுப்பான், நினைத்த இடத்தில் மறைவான். தப்பு எங்கே தொடங்கியது? அந்தச் சக்தியைப் பிறரை அடக்க எடுத்தபோது. தேவர்களைப் பிடித்து ஏவல் வேலை செய்ய வைத்தான். இந்திரனின் மகன் சயந்தனையும் மற்ற தேவர்களையும் சிறையில் அடைத்தான். அவன் மகன் பானுகோபன் குழந்தையாக இருந்தபோதே சூரியனைப் பிடித்துக் கட்டிப்போட்டவன். அப்பாவுக்கு ஏற்ற பிள்ளை.

அவனுக்கு யாரும் நல்லது சொல்லவில்லை என்றும் சொல்ல முடியாது. சூரனோடு போர் தொடுக்கும் முன் முருகன் வீரபாகுவைத் தூது அனுப்பினார். கேட்டது ஒன்றுதான்: சிறையில் இருப்பவர்களை விட்டுவிடு. சூரன் மறுத்தான். கூடப் பிறந்த சிங்கமுகனே அண்ணனிடம், தேவர்களை விட்டுவிடுங்கள் என்று அவையில் எடுத்துச் சொன்னான். சூரன் அவனைத் திட்டினான். அவன் சொன்ன காரணங்களில் ஒன்று, வந்திருப்பது சின்னப் பையன். ஒரு பாலகனுக்குப் போய் நான் பயப்படுவதா?

கடைசிப் போர்

தாரகன் விழுந்தான். பானுகோபன் விழுந்தான். சிங்கமுகன் விழுந்தான். சூரன் மட்டும் மிச்சம். இனி நடப்பதை நிதானமாகப் படியுங்கள்.

சூரன் மாயத்தால் உருவம் உருவமாக மாறுகிறான். ஒரு கட்டத்தில் சக்கரவாகப் பறவையாகி வானத்தில் பறந்து தாக்குகிறான். பறவையைத் தேரில் இருந்து துரத்துவது சரியில்லை என்று முருகன் நினைக்கிறார். உடனே இந்திரன் மயிலாக வந்து நிற்கிறான். முருகன் அந்த மயிலில் ஏறிப் போர் செய்கிறார். ஆமாம், முருகனின் முதல் மயில் இந்திரன்! இதை வகுப்பில் சொன்னபோது பலர் நம்பவில்லை. அதேபோல, முருகனின் கொடியில் முதலில் சேவலாக இருந்தவன் அக்கினி. நல்லவர்களே வாகனமாகவும் கொடியாகவும் இருக்கத் தயாராக இருந்தார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அடுத்து முருகன் சூரனுக்குத் தன் பேருருவைக் காட்டுகிறார். அண்டங்கள் எல்லாம் அந்தத் திருமேனிக்குள் தெரிகின்றன. சூரன் திகைத்து நிற்கிறான். சின்னப் பையன் என்று நினைத்தது எவ்வளவு பெரிய தவறு என்று அவனுக்குப் புரிகிறது. மனம் உருகுகிறது, கும்பிடத் தோன்றுகிறது. அப்படியே கதை முடிந்திருக்கலாம் இல்லையா? முடியவில்லை. பேருரு மறைந்ததும் அந்தத் தெளிவும் போய்விட்டது. பழைய கோபம் திரும்பி வந்தது. மறுபடியும் சண்டைக்கு நின்றான்.

கடலுக்கு நடுவே பெரிய மாமரமாக எழுந்தான். வேல் வந்து மரத்தைப் பிளந்தது. மரத்திலிருந்து சொந்த உருவத்தோடு வெளிப்பட்டு, வாளை உருவிக்கொண்டு ஓடி வந்தான். வேல் அவன் உடலை இரண்டாகப் பிளந்தது. வரத்தின் பலத்தால் அப்போதும் அவன் சாகவில்லை. ஒரு பாதி சேவல், ஒரு பாதி மயில். இரண்டும் பணிந்து வரவில்லை, தாக்குவதற்குத்தான் வந்தன.

அப்போது முருகன் வேலை விடவில்லை. பார்த்தார். கருணையோடு ஒரு பார்வை, அவ்வளவே. அந்தப் பார்வை பட்டதும் பகை போய்விட்டது. சேவலைக் கொடியாக எடுத்துக்கொண்டார். இந்திரனாகிய மயிலை விட்டு இறங்கி, நேற்றுவரை சூரனாக இருந்த மயிலில் ஏறினார்.

நம் ஊர்க் கோயில்களில் சூரசம்ஹாரம் நடக்கும்போது யானைத்தலை, சிங்கத்தலை, சூரன் தலை என்று ஒவ்வொன்றாக மாற்றுவார்கள். தலை விழும்போதெல்லாம் கூட்டம் "அரோகரா" என்று அதிரும். கைத்தொலைபேசிகள் எல்லாம் மேலே எழும்பும். கடைசியில் சேவலும் மயிலுமாகும் கட்டம் வரும்போது பாதிப் பேர் பிரசாத வரிசைக்குப் போயிருப்பார்கள். கதையின் உயிரே அந்தக் கடைசிக் கட்டம்தான்.

இதில் கற்க வேண்டியவை

முதலாவது: முருகன் காத்திருக்கவில்லை. மயில் திருந்தி வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அவர் சொல்லவில்லை. அது கொத்த வரும்போதே அருள் பார்வை போய்ச் சேர்ந்தது. மாற்றம் அதற்குப் பிறகுதான் வந்தது. நாம் செய்வது பெரும்பாலும் தலைகீழ். 'அவன் மாறட்டும், அப்புறம் பேசுவோம்' என்கிறோம்.

இரண்டாவது: ஆனாலும் வேல் முதலில் வந்தது. இதை விட்டுவிட்டுக் கருணையை மட்டும் பேசினால் பாடம் கெட்டுப்போகும். தூது போனது, எச்சரிக்கை போனது, கேட்காதபோது வேல் போனது. சிறையில் இருந்த தேவர்கள் வெளியே வந்தார்கள், வீரமகேந்திரபுரத்தைக் கடல் கொண்டது. மயிலுக்கு இடம் கிடைத்தது என்பதற்காகச் சிறைக் கதவு மூடியே இருக்கவில்லை. பாதிக்கப்பட்டவர்களின் விடுதலையும் குற்றம் செய்தவனின் மாற்றமும் இரண்டும் நடந்தன.

மூன்றாவது: ஒரு நிமிடத் தெளிவு போதாது. பேருருவைப் பார்த்தபோது சூரன் உருகினானே, அது பொய் இல்லை. ஆனால் நிலைக்கவில்லை. நம் முகாம்களில் கடைசி இரவு எல்லாரும் அழுது, கட்டிப்பிடித்து, 'இனிமேல் அம்மாவை எதிர்த்துப் பேசமாட்டேன்' என்று சத்தியம் செய்வோம். திங்கட்கிழமை காலை பழைய குரல்தான். அந்த அழுகை பொய் என்று நான் சொல்லமாட்டேன். அதற்குப் பிறகு தினமும் சுமக்க ஒரு வேலை வேண்டும். முருகன் மயிலுக்குக் கொடுத்தது அதைத்தான், ஒரு வேலை.

நான்காவது: சக்தி குறையவில்லை. சூரனின் வேகம், அஞ்சாமை, அண்டமெல்லாம் பறக்கும் ஆற்றல் எதையும் முருகன் பிடுங்கவில்லை. மேலே ஏறியவர் யார் என்பது மட்டும் மாறியது. முன்பு 'நான்' ஏறியிருந்தது. இப்போது முருகன் ஏறியிருக்கிறார். வாகனமாக நிற்க இந்திரன் இருந்தான், கொடியில் அக்கினி இருந்தான் என்று ஞாபகம் வைக்கச் சொன்னேன் அல்லவா? முருகனுக்கு வாகனப் பஞ்சம் இல்லை. வேறு மயில் கிடைக்காமல் சூரனை எடுத்துக்கொள்ளவில்லை. அவனை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றே எடுத்துக்கொண்டார்.

சித்தாந்தம் என்ன சொல்கிறது

சைவ சித்தாந்தத்தில் உயிரைக் கட்டும் மலங்கள் மூன்று: ஆணவம், கன்மம், மாயை. சூரபத்மன் ஆணவம், சிங்கமுகன் கன்மம், தாரகன் மாயை என்று பெரியோர் விளக்கம் சொல்வார்கள். தாரகனும் சிங்கமுகனும் போரில் முடிந்துபோனார்கள். சூரன் மட்டும் முடியவில்லை, உருமாறி நின்றான். ஏன்?

ஆணவ மலம் உயிரோடு என்றும் இருப்பது. செம்பில் களிம்பு போல என்பார்கள். முத்தி நிலையிலும் அது இல்லாமல் போய்விடுவதில்லை, அதன் வலிமைதான் அடங்கிவிடுகிறது. சூரியன் வந்தால் இருளால் எதையும் மறைக்க முடியாமல் போவதுபோல. முன்பு மேலே நின்று உயிரை ஆட்டி வைத்தது, இப்போது கீழே வாகனமாக நிற்கிறது. மயில்மேல் முருகன் உட்கார்ந்திருக்கும் படத்தை இனிமேல் பார்க்கும்போது இந்த ஒரு வரியை நினைத்துக்கொள்ளுங்கள்: 'நான்' அடங்கி நிற்கிறது, அருள் மேலே இருக்கிறது.

சூரன் கதை மட்டும் இப்படி என்று நினைக்காதீர்கள். காவடிக்கு மூலகாரணமான இடும்பனும் அசுரன்தான். இரண்டு மலைகளைக் காவடியாகக் கட்டித் தூக்கி வந்தவன். பழநியில் இறக்கி வைத்த மலையைத் திரும்பத் தூக்க முடியாமல், மேலே நின்ற சிறுவனோடு சண்டைக்குப் போய் விழுந்தான். அவன் மனைவி வேண்டிக்கொள்ள, முருகன் உயிர் கொடுத்தார், தன் மலைக்கே காவலாகவும் வைத்துக்கொண்டார். தைப்பூசம் முடிந்ததும் காவடி எடுத்தவர்கள் இடும்பன் பூசை செய்கிறார்களே, அது அந்த அசுரனுக்குச் செய்யும் மரியாதை. பத்துமலையின் 272 படியில் ஏறினாலும், பினாங்கு தண்ணீர்மலையில் ஏறினாலும், சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை நடந்தாலும், தோளில் இருப்பது இடும்பனின் காவடி, அதில் செருகியிருப்பது சூரனின் மயில்பீலி.

நம் வாழ்க்கையில்

நம் கிளைக்கு வரும் ஒரு தம்பியைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். 16 வயது, நல்ல உடல்பலம், குரலும் பெரிது, கோபம் அதைவிடப் பெரிது. ஒருநாள் வகுப்பு முடிந்து வெளியே நிற்கும்போது, ஏதோ ஒரு பேச்சுக்கு இன்னொரு பையனை அடித்துவிட்டான். அந்தப் பையனின் மூக்குக்கண்ணாடி உடைந்தது, உதடு கிழிந்தது. மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் பெற்றோர் சிலர், 'அவன் வந்தால் எங்கள் பிள்ளை வராது' என்று எழுதினார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது.

கிளைத் தலைவர் அண்ணன் அவனை உடனே மன்னித்துவிடவும் இல்லை, விரட்டிவிடவும் இல்லை. முதலில் அடிபட்ட பையனின் வீட்டுக்குப் போய், அவனுக்கும் பெற்றோருக்கும் என்ன வேண்டும் என்று கேட்டார். பிறகு இவன் அவர்கள் முன்னால் போய் நின்று மன்னிப்புக் கேட்டான். கண்ணாடிக்கான பணத்தை, விடுமுறையில் ஒரு கடையில் வேலை செய்து, தானே கட்டினான். அதுவரை வகுப்புக்கு வரக்கூடாது. அது முடிந்த பிறகுதான் அடுத்த பேச்சு. அந்த வருடத் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் இரவு வேலைக்கு அவனைப் போட்டார்கள். தண்ணீர்த் தொட்டி நிரப்புவது, ஐஸ்கட்டி சுமப்பது, கூட்டம் நெருக்கும்போது வயதானவர்களுக்கு வழி விலக்கிக் கொடுப்பது. விடிய விடிய நின்றான். அந்தப் பெரிய குரல் அன்றைக்கு ரொம்ப உதவியாக இருந்தது. "பாட்டி வராங்க, வழி விடுங்க!" என்று அவன் கத்தினால் கூட்டமே நகர்ந்தது.

அதோடு அவன் மகானாகிவிட்டான் என்று எழுதினால் நீங்களே நம்பமாட்டீர்கள். இன்றும் கோபம் வருகிறது. வந்தால் வெளியே போய் இரண்டு சுற்று நடந்துவிட்டு வருகிறான். அடிபட்ட பையன் இன்றுவரை அவனோடு சரியாகப் பேசுவதில்லை. பேசு என்று நாங்கள் யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை. மன்னிப்பது அவன் உரிமை, அவனுக்குத் தோன்றும்போது செய்யட்டும்.

நம் சமூகத்தில் இப்படி எத்தனை தம்பிகள்! பள்ளியில் 'இவன் உருப்படமாட்டான்' என்று ஓர் ஆள் சொன்னால் போதும், அடுத்த நாள் முதல் எல்லாரும் அதையே சொல்வார்கள். கோயிலும் மன்றமும் விரட்டினால் அவன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் போவதில்லை. அவனுடைய பலத்துக்கு வேலை கொடுக்க வேறு ஆட்கள் வெளியே காத்திருக்கிறார்கள். மோட்டார் சைக்கிள், கையில் கொஞ்சம் பணம், 'அண்ணன் பார்த்துக்கிறேன்டா' என்ற ஒரு வார்த்தை. அவன்மேல் யார் ஏறப்போகிறார்கள் என்பதுதான் கேள்வி. நாம் இடம் கொடுக்காவிட்டால் அந்த இடம் காலியாக இருக்காது.

பெண்பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பலம் என்றால் கைப்பலம் மட்டுமா? கூர்மையான நாக்கும் பலம்தான். ஒருத்தியை ஒரே வார்த்தையில் அழ வைக்கத் தெரிந்தவளுக்கு, ஒருத்தியை ஒரே வார்த்தையில் தேற்றவும் தெரியும். சூரனின் மாயம் இன்று எல்லார் கையிலும் இருக்கிறது. பொய்ப் பெயரில் ஒரு கணக்கு, வேறொருவரின் படம், ஆளுக்கு ஓர் உருவம். அந்தத் திறமையை வைத்தே கிளையின் விழாவுக்குக் காணொளி செய்யலாம், வகுப்புத்தோழியின் பெயரையும் கெடுக்கலாம். கருவி ஒன்று, மேலே ஏறியது யார்?

ஒரு முக்கியமான எச்சரிக்கை. உங்களை யாராவது அடித்தால், மிரட்டினால், தகாத முறையில் நடந்தால், 'நான் பொறுமையாக இருந்து இவரை மாற்றிவிடுவேன்' என்று நீங்கள் முருகனாகப் பார்க்காதீர்கள். சிறையில் இருந்த சயந்தன் சூரனைத் திருத்தவில்லை. அது அவன் வேலையும் இல்லை. அவனுக்காக வேல் வந்தது. நீங்கள் செய்ய வேண்டியது, நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் உடனே சொல்வது. அப்பா அம்மா, ஆசிரியர், கிளை அக்கா அண்ணன், யாரிடமாவது. ஒருவர் கேட்காவிட்டால் இன்னொருவரிடம் சொல்லுங்கள். கேட்பது எங்கள் கடமை.

கலந்துரையாட

கிளைக் கூட்டத்தில் நாலைந்து பேராக உட்கார்ந்து இந்தக் கேள்விகளைப் பேசுங்கள். சரியான விடை ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம்.

1. ஆட்டுக்கிடாவின் பலத்துக்கும் சூரனின் பலத்துக்கும் என்ன வேறுபாடு? உங்களுக்குத் தெரிந்த ஒருவரை எந்தக் கதையோடு ஒப்பிடுவீர்கள்? (பெயர் சொல்லாமல்.)

2. காசிபர் ஒன்று சொன்னார், மாயை ஒன்று சொன்னாள். உங்கள் வீட்டிலும் நண்பர் வட்டத்திலும் இப்படி இரண்டு குரல் கேட்கிறதா? எது சத்தமாகக் கேட்கிறது?

3. சிங்கமுகன் அண்ணனுக்கு நல்லது சொன்னான். கேட்காதபோதும் அவனுக்காகவே போரிட்டு இறந்தான். நண்பன் தப்பு செய்யும்போது கடைசிவரை கூட நிற்பது நட்பா?

4. தவறு செய்த ஒருவரை உங்கள் கிளை மீண்டும் சேர்த்துக்கொள்ள வேண்டுமானால், அதற்கு முன் என்னென்ன நடக்க வேண்டும்? பாதிக்கப்பட்டவரிடம் யார் கேட்பது?

இந்த மாதப் பயிற்சி

ஒரு தாளில் உங்கள் குணங்களில், 'இது என்னை வம்பில் மாட்டிவிடுகிறது' என்று தோன்றும் ஒன்றை எழுதுங்கள். கோபம், பிடிவாதம், வாய்த்துடுக்கு, எதையும் துருவிக் கேட்பது, போட்டி மனப்பான்மை, எதுவாகவும் இருக்கலாம். அதற்குக் கீழே, அந்தக் குணம் யாருக்காவது உதவக்கூடிய ஒரு வேலையை எழுதுங்கள். பிடிவாதக்காரர் எஸ்.பி.எம். தேர்வுக்குத் தம்பியை உட்கார வைத்துப் படிக்க வைக்கலாம். துருவிக் கேட்பவர் பாட்டியிடம் தோட்டத்து வாழ்க்கையைக் கேட்டு எழுதலாம். நான்கு வாரம் அந்த வேலையைச் செய்யுங்கள். காலையில் விபூதி வைக்கும்போது, "முருகா, இதன்மேல் நீ ஏறிக்கொள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெரிய விரதம் எதுவும் வேண்டாம்.

பயணம் கிளம்பும்போதும், தேர்வுக்குப் போகும்போதும் நம் வீட்டுப் பெரியவர்கள், "வேலும் மயிலும் துணை" என்று சொல்வார்கள். பழகிப்போனதால் நாம் கவனிப்பதில்லை. வேல் என்பது பிளந்த ஆயுதம். மயில் என்பது பிளக்கப்பட்ட அசுரன். இரண்டையும் சேர்த்தே நமக்குத் துணை என்று கும்பிடுகிறோம். தப்பைத் தப்பு என்று சொல்லும் துணிவும் வேண்டும், தப்பு செய்தவனுக்கு ஓர் இடம் வைக்கும் மனமும் வேண்டும். ஒன்றை விட்டால் மற்றது நிற்காது.

அடுத்த மாதம் வள்ளியம்மையின் தினைப்புனத்துக்குப் போவோம். அதுவரை, வேலும் மயிலும் துணை.